எட்டுக் கட்டை யோகலிங்கம்

கோழியிறகால் முதலாவது கட்டையின் இடுக்கைத் துடைத்துவிட்டு யோகலிங்கம் வாயைக் குவித்து ஊதுகிறார். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. மல்லாவிப் புழுதி எந்தச் சாக்குத் திரைக்கும் அடங்காதது. வீதியால் ஒரு உழவு மிசின் போனால் போதும், ஆறின பாலில் ஆடை படிந்ததுபோல மேசை முழுவதும் ஏறி உட்கார்ந்துவிடும். எட்டுக் கட்டைகளையும் துடைத்து முடிக்கும்வரை அவருடன் யாரும் கதைக்க முடியாது. கதைத்தாலும் பதில் வராது. முடித்த பிறகு இறகைக் காதில் செருகிக்கொண்டு, "ம், சொல்லுங்கோ," என்பார், ஆள் அப்போதுதான் உள்ளே வந்ததுபோல.

ஊரில் அவருக்கு 'எட்டுக் கட்டை' என்று பெயர். உச்சத்தில் பாடுகிற ஆளென்று எண்ணி ஒரு கலியாண வீட்டுக்காரர் வெற்றிலையோடு வந்து கூப்பிட்டதும் உண்டு. "எனக்குப் பாட வராது. பாடுற ஆக்களைத் தூக்கிவிடவும் இறக்கிவிடவும்தான் தெரியும்," என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார்.

அந்தப் பெட்டி சின்னச் சுளகளவு இருக்கும். மேலும் கீழும் தள்ளுகிற எட்டுக் கட்டைகள் அதில் வரிசையாக நிற்கின்றன. பின்னாலிருந்து ஒரு வயர் கணினிக்குப் போகிறது. ஒரு கட்டையை மேலே தள்ளினால் கணினிக்குள் இருக்கிற ஒரு குரல் உயரும். கீழே இழுத்தால் தாழும். முன்னொருமுறை வந்துபோன வெளிநாட்டுக்காரர் ஒருவர் திரும்பும்போது அதை விட்டுச் சென்றார். புதிதாக வருகிறவர்கள் அதைத் தட்டிப் பார்த்துச் சத்தம் வரவில்லையே என்பார்கள். "இதுக்குள்ள சத்தம் இல்ல. இது கொம்பியூட்டருக்குக் கை," என்று யோகலிங்கம் விளங்கப்படுத்துவார்.

அறை ஒரு தொண்டு நிறுவனத்துடையது. மலேரியா, பாம்புக்கடி, கொதித்தாறிய நீர், மிதிவெடி என்று சனங்களுக்குச் சொல்லவேண்டியவற்றைப் பாட்டாகவும் நாடகமாகவும் ஒலிநாடாவில் ஏற்றி, உழவு மிசினில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகப் போடுவது அதன் வேலை. கணினி வவுனியாவிலிருந்து அனுமதி எடுத்து, நிவாரண லொறியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு வந்தது. மின்சாரம் என்பது பின்வளவில் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர். ஒரு மூடி பெற்றோல் விட்டு இழுத்தால் இருமிக்கொண்டு பிடிக்கும்.

யோகலிங்கம் அந்தக் கணினியைப் பார்க்கும் பார்வையில் மாடு வளர்க்கிறவனுடைய கரிசனை இருக்கும். "இது சின்ன மாடு. பாரம் பாத்துத்தான் ஏத்தவேணும்," என்பார். இரண்டு மூன்று குரல்களென்றால் அது குறையில்லாமல் பாடும். ஆறு ஏழு குரல்கள் சேர்ந்து, மேளமும் ஆர்மோனியமும் ஏறினால் நடுவில் நின்று, ஒரு சொல்லை விழுங்கி, மறு சொல்லில் போய் விழும். 'திக்குது' என்பது இதற்கு அவர் வைத்த பேர். திக்காமல் இருக்க அவர் செய்கிற வைத்தியங்கள் கனக்க. கணினியின் ஒரு பக்கத் தகரத்தைக் கழற்றி வைத்திருக்கிறார். அதற்கு நேரே யன்னலில் ஈரச் சாக்கைக் கட்டிக் காற்றைக் குளிர்த்தி உள்ளே விடுகிறார். திரையில் முன்பிருந்த பூப்படத்தை எடுத்துவிட்டார். மூலையிலிருந்த மணிக்கூட்டையும் மறைத்துவிட்டார். "பாடுற நேரம் பாட்டு மட்டும்தான். நேரம் பாக்கிறதுக்குச் சூரியன் இருக்கு." பத்துப் பிள்ளைகள் தனித்தனியே பாடியதை ஒன்றாகக் கலந்து ஒரே குரலாக்கி, தனிக் குரல்களை அழித்துவிடுவார். அழிக்குமுன் ஒவ்வொரு பிள்ளையையும் ஒருமுறை தனியாகக் கேட்பார். இனிக் கேட்க முடியாதல்லவா.

கோயிலுக்குள் பாடுவதுபோன்ற முழக்கத்தையும் கணினியே செய்துதரும். ஆனால் அதைச் செய்யச் சொன்னால் அதற்கு மூச்சு நின்றுவிடும். ஆகையால் வீதிக்கு அப்பால் வெறுமையாகக் கிடக்கும் நெற்களஞ்சியத்துக்குள் ஒரு ஒலிபெருக்கியையும் ஒலிவாங்கியையும் கொண்டுபோய் வைத்து, பாட்டை உள்ளே ஒலிக்கவிட்டு, சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வருவார். ஒருமுறை பூனை ஒன்று உள்ளே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கொதித்தாறிய நீர்ப் பாட்டின் மூன்றாவது அடியில் அது இப்போதும் கத்துகிறது. "அதை எடுக்க ஏலாது. சனத்துக்கும் அது பிடிச்சுப் போச்சு," என்கிறார்.

கிளிநொச்சியில் அவரிடம் ஒரு ஒலிபெருக்கிச் சேவை இருந்தது. திருவிழா, கலியாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய்கள்தான் மரத்தில் ஏறும். தொண்ணூற்றாறில் சண்டை வந்து ஊர் எழும்பி ஓடியபோது ஒரு அம்பிளிபயரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அக்கராயன் பக்கம் போனவர், பிறகு மல்லாவிக்கு வந்தார். குழாய்கள் மரங்களிலேயே நின்றுவிட்டன. அந்த ஓட்டத்துக்குப் பிறகுதான் அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கியது. நரம்பென்று ஆசுப்பத்திரியில் சொன்னார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. சோற்றுக் கோப்பையை இடக்கையால் ஏந்திக்கொள்வதற்கும், பொத்தானைப் பூட்ட மனைவி வரும்வரை நிற்பதற்கும் அவர் பழகிவிட்டார். கணினியின் மவுசுக்கு மட்டும் பழக முடியவில்லை. அவர் கை பட்டால் திரையிலுள்ள அம்புக்குறி பருந்தைக் கண்ட கோழிக்குஞ்சாக ஓடித் திரியும்.

கட்டைப்பெட்டி வந்தபின் நிலைமை மாறியது. விரல்கள் ஊன்றிக்கொள்ள அதில் இடம் இருந்தது. முதல் நாள் நாலு விரலை நாலு கட்டையில் வைத்துப் பார்த்துவிட்டு, யாருக்கும் முகத்தைக் காட்டாமல் வெளியே போய், ஜெனரேற்றரில் எண்ணெய் இருக்கிறதா என்று வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார் என்று அவருடைய மனைவி விமலேஸ்வரி சொல்கிறாள்.

மவுஸ் அவளுடைய பொறுப்பு. கூட்டுறவுச் சங்கத்தில் தட்டச்சு செய்தவளுக்குக் கணினி பெரிய காரியமாகத் தெரியவில்லை. அவர் காதால் கேட்டுக் கட்டையைத் தள்ள, அவள் கண்ணால் பார்த்துச் சரிசெய்வாள். தள்ளத் தள்ள அந்த அசைவைக் கணினி கோடாக எழுதி வைத்துக்கொள்ளும். மறுமுறை பாட்டை ஓடவிட்டால், கட்டையை யாரும் தொடாமலே, அவர் தள்ளியபடியே குரல்கள் ஏறி இறங்கும். அந்த ஓட்டத்தை ஒலிநாடாவில் இறக்குவார்கள்.

மாசி மாதத்தில் ஒருநாள், பாட்டு திக்குகிற இடங்களெல்லாம் அவர் கை வைத்த இடங்களாகவே இருப்பதை அவள் கண்டாள். கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மெல்ல ஏறவேண்டிய கோடு மேலும் கீழுமாகப் பொடிப்பொடியாக நடுங்கி ஏறியிருந்தது. அவருடைய கை எத்தனை தரம் அசைந்ததோ அத்தனை புள்ளிகள். அவ்வளவையும் ஒரு நொடிக்குள் வாசித்து முடிக்க அந்தச் சின்ன மாட்டால் முடியவில்லை. திக்கியது கணினியின் வாய்தான், ஆனால் நடுக்கம் அவருடையது.

"நீங்கள் போய்த் தேத்தண்ணியைக் குடியுங்கோப்பா. நான் சேவ் பண்ணிப்போட்டு வாறன்," என்றாள். அவர் முருங்கைக்குக் கீழே குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், கோட்டின் முள்ளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஏறுகிற இடத்துக்கு ஒரு புள்ளி, இறங்குகிற இடத்துக்கு ஒரு புள்ளி என்று மட்டும் விட்டுவைத்தாள். அவர் நினைத்த ஏற்றமும் இறக்கமும் அப்படியே இருந்தன. நடுக்கம் மட்டும் போயிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டுக்கும் அப்படித்தான். பிடுங்கும்போது அவளுக்குத் தெரியும், முந்தின இரவு அவர் நித்திரை கொண்டாரா இல்லையா என்று. நித்திரையில்லாத நாளின் கோட்டில் முள் நெருக்கமாக இருக்கும்.

அவரோ இதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிட்டார். சேவ் பண்ணினால் கணினி இளைப்பாறுகிறது, இளைப்பாறினால் திக்காது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்: "என்ர விமலா சேவ் பண்ணினாளெண்டால் மிசின் ஒருக்காலும் திக்காது. அவளின்ர கை ராசி." விமலேஸ்வரி அப்போது குனிந்து மேசையில் இல்லாத புழுதியைத் துடைப்பாள்.

இப்படியே போயிருக்கும், வைகாசியில் ராக்காயி வந்திராவிட்டால்.

ராக்காயி கனகராயன்குளத்தாள். அவளுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டி அங்கே குடியேறியவர்கள். சண்டை ஓய்ந்து ஊருக்குத் திரும்பலாமென்று கதை வந்ததும், அவளுடைய புருசன் சுடலைமுத்து கிணறு தூர்ந்துவிட்டதா என்று பார்க்க முன்னதாகப் போனான். தன் கையால் வெட்டின கிணற்றுக்குத் தான் நடந்து பழகின பாதை. அந்தப் பாதையில் ஒரு காலை விட்டுவிட்டு வந்தான். அதற்குப் பிறகு ராக்காயி களை பிடுங்குகிற மெட்டில் தானாகவே ஒரு பாட்டுக் கட்டினாள். திரும்பிப் போகிற சனங்களுக்கு இதைப் போடவேண்டுமென்று வெயிலில் நடந்து அறையைத் தேடி வந்தவள், ஒலிவாங்கியைக் காட்டியதும் அதற்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பாடினாள்.

பத்தை மூடிப் போன வழி பாத்துப் போங்க
பழகின வழி எண்டாலும் கேட்டுப் போங்க
மண்ணு கிண்டிக் கிடந்தாலோ மிதிக்காதே
மகனே நீ தெரியாததை எடுக்காதே

பாடி முடிந்ததும் யோகலிங்கம் காதிலிருந்து ஹெட்போனை எடுக்காமல் இருந்தார். "ராக்காயியக்கா, இந்தக் குரலுக்கு நான் ஒண்டும் செய்யத் தேவையில்ல. வழி விட்டாப் போதும்," என்றார். ஆனாலும் பிள்ளைகளின் குரலும் உடுக்கும் சேர்ந்தன. 'மிதிக்காதே' வருகிற இடத்தில் உடுக்கு உரத்து எழும். அதற்குக் கீழே அமிழ்ந்துவிடாமல் ராக்காயியின் குரலை மெல்ல மெல்ல மேலே கொண்டுவரவேண்டும். பாட்டிலேயே கை அதிக நேரம் கட்டையில் நிற்கவேண்டிய இடம் அதுதான்.

அதைச் செய்யவேண்டிய நாளில் விமலேஸ்வரி மலேரியாக் காய்ச்சலோடு படுத்திருந்தாள். மறுநாட் காலை உழவு மிசின் மாங்குளம் போகிறது. திரும்புகிற முதற் குடும்பங்களும் அதன் பின்னால் போகின்றன. ராக்காயியும் புருசனும் வண்டி கட்டிக்கொண்டு அவர்களோடு புறப்பட வந்திருந்தார்கள். மவுசுக்கு அலுவலகத்துப் பெண் கமலாசனியை வைத்துக்கொண்டு யோகலிங்கம் வேலையைத் தொடங்கினார்.

வீடு அறைக்குப் பின்னால், இரண்டு வேலி தள்ளி. விமலேஸ்வரி போர்வைக்குள் நடுங்கியபடி கேட்டுக்கொண்டு கிடந்தாள். ஜெனரேற்றர் பிடித்த சத்தம் கேட்டது. உடுக்கு கேட்டது. ராக்காயியின் குரல் கேட்டது.

மண்ணு கிண்டிக் கிடந்தாலோ மிதி

அவ்வளவுதான். குரல் அறுந்து, அடுத்த அடியில் போய் விழுந்தது. திரும்பவும் ஓடவிட்டார்கள். திரும்பவும் அதே இடம். 'மிதி.' மூன்றாவது முறை அது 'எடு' என்ற இடத்திலும் அறுந்தது. நாளைக் காலையில் பற்றைக்காட்டுக்கு நடுவே ஒலிபெருக்கி இப்படித்தான் சொல்லப்போகிறது என்பது காய்ச்சலுக்குள்ளும் அவளுக்கு உறைத்தது. துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு எழுந்து, வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்தாள்.

அறைக்குள் யோகலிங்கம் தன் வைத்தியங்களையெல்லாம் செய்து முடித்திருந்தார். சாக்கு புதிதாக நனைந்து சொட்டியது. பிள்ளைகளின் குரல்கள் ஒன்றாகியிருந்தன. ஆர்மோனியத்தையும் எடுத்தாகிவிட்டது. "பிள்ளை, நீர் சரியாச் சேவ் பண்ணேல்லப் போல," என்று கமலாசனியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தரம் பண்ணிட்டன் அண்ணை." கமலாசனி எதையாவது கண்டுபிடிக்கலாமென்று திரையில் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனாள். ராக்காயியின் குரலுக்குக் கீழே ஒன்றைத் திறந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். "இதென்ன அண்ணை, மயிர்க்கொட்டிப் புழு மாதிரி?"

திரையில் கறுப்பாக, அடர்த்தியாக, உடம்பெல்லாம் முள்ளாக ஒரு கோடு படுத்திருந்தது.

விமலேஸ்வரி அப்போது வாசலில் நின்றாள்.

"போன மாசத்துப் பாட்டு ஒண்டைத் திறவும், பாப்பம்," என்றார் யோகலிங்கம்.

கமலாசனி திறந்தாள். அங்கே கோடு நூல் பிடித்ததுபோல வழவழவென்று ஏறி இறங்கியது.

"இது ஆர் தள்ளினது?"

"நீங்கள்தானே அண்ணை."

யோகலிங்கம் இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் வலக்கையைப் பார்த்தார். கட்டையிலிருந்து அதை எடுத்து, மடியில் வைத்து, இடக்கையால் மூடிக்கொண்டார். யாரும் சொல்லாமலே திரும்பி வாசலைப் பார்த்தார்.

"எப்ப தொடக்கம், விமலா?"

"மாசி தொடக்கம்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் நீங்கள் கட்டையைத் தொடமாட்டியள்."

அவர் அதை மறுக்கவில்லை. "ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன், நீ சேவ் பண்ணினால் திக்காதெண்டு," என்றார்.

"அது பொய்யில்லைத்தானே," என்றாள் விமலேஸ்வரி.

சுவரோரம் குந்தியிருந்த ராக்காயிக்குக் கோடும் விளங்கவில்லை, புள்ளியும் விளங்கவில்லை. ஆனால் வீட்டுக்குள்ளே ஒரு விசயம் உடைந்தால் எப்படி இருக்குமென்று அவளுக்குத் தெரியும்.

விமலேஸ்வரி வந்து மவுசைப் பிடித்தாள். காய்ச்சற் கண்ணுக்குத் திரையில் அம்பு இரண்டாகத் தெரிந்தது. ஒரு முள்ளைப் பிடுங்கப் போனால் பக்கத்துச் சொல்லே கழன்று வந்தது. பின்வளவில் ஜெனரேற்றரின் சத்தம் மெலிந்து மெலிந்து உயர்ந்தது. எண்ணெய் அடியைத் தொட்டுவிட்டது. இன்றைக்கு வேறு எண்ணெய் இல்லை.

"விடு," என்றார் யோகலிங்கம். "பிள்ளை, அந்தக் கோட்டை முழுதா அழியும். என்ர கை பட்டால் தள்ளுற நேரமே திக்கும். விமலா, நீ இதில இரு. நீ தள்ளு. தள்ளத் தள்ளக் கசெற்றில இறக்குவம்."

"எனக்கு உங்கட காது இல்லையப்பா."

"கை இருக்கு. அது போதும்." சொன்ன குரலில் கோபம் இல்லை. எழுந்து கதிரையைக் கொடுத்துவிட்டு, அவளுக்குப் பின்னால் போய் நின்றார், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு.

ஒருமுறை பதியாமல் வெறுமனே ஓட்டிப் பார்த்தார்கள். திக்கவில்லை. 'மிதிக்காதே' முழுதாக வந்தது. ஆனால் உடுக்கு எழும்பியபின் பதறிப்போய் அவள் தள்ள, ராக்காயியின் குரல் பள்ளத்தில் விழுந்து, பிறகு திடுமென்று மேலே குதித்தது. குறை சொன்னவள் ராக்காயி.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்க தள்ளுறப்ப நான் எங்கேயோ தூரத்துல இருந்து கத்துறேன். ஐயா தள்ளுனா கேக்குறவங்க பக்கத்துல நின்னு சொல்ற மாதிரி இருக்கு. தூரத்துல இருந்து சொன்னா அந்தப் பாதையில ஒருத்தரும் நிக்கமாட்டாங்க. நான் சொல்லி எங்க வீட்டுக்காரரே நிக்கல."

இன்னொருமுறை வெறுமனே ஓடவிட்டார்கள். முதலடி போனது. இரண்டாமடி போனது. யோகலிங்கம் விமலேஸ்வரியின் காதருகே குனிந்து, "இப்ப மெல்ல… மெல்ல…" என்றார். சொல் காதுக்குள் போய் விரலுக்கு வருவதற்குள் உடுக்கு வந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததும், முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கை அவரைக் கேளாமலே முன்னுக்கு வந்து, அவளுடைய கைக்கு மேலே விழுந்து, அதைத் தள்ளியது.

உடுக்கு எழுந்தது. அதற்குச் சற்று முன்னதாக ராக்காயியின் குரலும் எழுந்து, கரை முட்டிய நீர்போல நின்றது. மிதிக்காதே. பிறகு, எடுக்காதே. திக்கவில்லை.

கமலாசனி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, கோடு நேரா வருது."

நடுக்கம் இல்லாமற் போகவில்லை. விமலேஸ்வரியின் புறங்கையில் அது தெரிந்தது, பிடிபட்ட குருவியின் நெஞ்சுபோல. அவளுடைய கையைத் தாண்டிக் கட்டைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். காய்ச்சலால் அவள் கை கொதித்தது. அவருடைய கை குளிர்ந்திருந்தது. இத்தனை வருடத்தில் நாலுபேர் பார்க்க அவர்கள் கை தொட்டுக்கொண்டதில்லை. சட்டென்று நினைவு வந்து யோகலிங்கம் கையை எடுத்துக்கொண்டு, யன்னற் சாக்கை இழுத்துச் சரிசெய்தார். கமலாசனி வெறும் ஒலிநாடாப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினாள்.

"எடுக்காதீங்க ஐயா," என்றாள் ராக்காயி. "எங்க வீட்டுக்காரரு ஒரு பக்கம் கம்ப ஊணிக்கிட்டு, மறு கையால என் தோளப் புடிச்சுக்கிட்டுத்தான் நடக்கிறாரு. சந்தைக்கும் அப்படித்தான், கோயிலுக்கும் அப்படித்தான். பாக்குறவங்க பாத்துட்டுப் போகட்டுமே."

வெளியே வண்டி நிழலில் இருந்த சுடலைமுத்து தன்னைப் பற்றிய கதை என்று கண்டுகொண்டு இருமினான்.

அந்த ஒலிநாடா இப்போதும் ஓடுகிறது. மாங்குளச் சந்தியில் கூரையில்லாத கடைகளுக்கு முன்னால் அதைப் போட்டார்கள். கனகராயன்குளம்வரை வீதி நெடுகப் போட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கயிறு அடித்துத் துள்ளும்போது அதைப் பாடுவதாகக் கேள்வி. புளியங்குளம் பக்கத்தில் ஒரு மனிதர் தன் வீட்டுப் படலையைத் திறந்து, உள்ளே காலை வைக்கப்போன நேரம் அது கேட்டதாம். காலை எடுத்துக்கொண்டு, மிதிவெடி அகற்றுகிறவர்கள் வரும்வரை வீதியிலேயே பாய் போட்டு இருந்தாராம். அவருடைய முற்றத்தில் என்ன கிடந்தது என்று ராக்காயி ஆள்மூலம் சொல்லி அனுப்பினாள். யோகலிங்கம் அதைக் கேட்டுவிட்டு ஜெனரேற்றரைப் பார்க்கப் போய்விட்டார்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று அந்த அறையில் எண்ணெய் பாட்டின் ஒரு ஓட்டத்துக்கு மட்டுமே போதும். கமலாசனி ஒலிநாடாவைப் போட்டுப் பதிவுப் பொத்தானை அமுக்கினாள். விமலேஸ்வரி கதிரையின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டாள். யோகலிங்கம் சாரத்தில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு அருகில் இருந்தார். யாரையும் பாராமல் கையை அவளுடைய கைமேல் வைத்தார். பாட்டு ஓடியது. ராக்காயி தன் குரலுக்குத் தானே வாயசைத்தாள். இருவருடைய கைகளும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. ஒரு இடத்தில் அவள் முந்தப் பார்த்தாள். அவர் விரலால் மறித்தார். ஒரு இடத்தில் அவர் தயங்கினார், அவள் கொண்டுபோனாள்.

கடைசி அடி முடிந்தது. உடுக்கு ஓய்ந்தது. பின்வளவில் ஜெனரேற்றர் ஒருமுறை திணறி மறுபடி பிடித்துக்கொண்டது. ஒலிநாடா மட்டும் வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது. யாராவது அதை நிறுத்தவேண்டும். நிறுத்துகிற பொத்தான் விமலேஸ்வரியின் வலப்பக்கத்தில் இருந்தது. அவருடைய கைக்குக் கீழிருந்த வலக்கையை அவள் எடுக்கவில்லை. உடம்பை முழுதாகத் திருப்பி, இடக்கையை நெஞ்சுக்குக் குறுக்கே எட்டிக் கொண்டுபோய், அதை அமுக்கினாள்.